கொசுவும் கணக்கும்

1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றினுள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், கணிதத்தில் பெருவிருப்புடையவர் என்பதைப் பலர் அறியார். மலேரியாவை ஒழிக்கக் கொசுவைக் குறைக்க வேண்டுமென அவர் கூறியபோது, கொசுவை அடியோடு ஒழித்தல் இயலாது, ஆகவே அம்முயற்சி வீண் என்று மறுத்தவர் உண்டு. அம்மறுப்புக்கு ராஸ் தந்த விடை கணக்காக அமைந்தது.

1907இன் இறுதியில் மலேரியாத் தடுப்பு ஆராய்ச்சிக்காக மொரிசியஸ் தீவுக்குச் சென்ற அவர், 1908இல் வெளியான அறிக்கையில் அக்கணக்கைச் சேர்த்தார். மருத்துவர் பலருக்கு அது கசந்திருக்கும் போலும். ஆனால் அதன் சாரம் எளிதே. ஒரு கொசு நோயைப் பரப்ப வேண்டுமாயின் முதலில் நோயாளியைக் கடிக்க வேண்டும். உட்சென்ற கிருமி முதிரும்வரை, ஏறத்தாழப் பத்து நாட்கள், உயிரோடிருக்க வேண்டும். பின்னர் நோயற்ற ஒருவரைக் கடிக்க வேண்டும். பெரும்பாலான கொசுக்கள் இடையிலேயே மடிந்துவிடுகின்றன. ஒரு நோயாளி தாம் குணமடைவதற்குள், சராசரியாக வேறு ஒருவருக்கேனும் கொசுவழி நோயைத் தராவிடில், நோய் தானே தேய்ந்து மறையும். கொசுத்தொகையை அந்த எல்லைக்குக் கீழே கொணர்ந்தால் போதும். கடைசிக் கொசுவைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

1950களில் ஜார்ஜ் மக்டொனால்டு இக்கணக்கைக் கூர்மையாக்கினார். கொசுக்களின் எண்ணிக்கை பாதியானால் நோய் பரவும் ஆற்றலும் பாதியாகும். கொசு மனிதரைக் கடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, அவ்வாற்றல் கால்பங்காகிவிடும். கிருமியைப் பெற ஒரு கடி, கொடுக்க ஒரு கடி என இரண்டு வேண்டியிருப்பதே காரணம். இவை அனைத்தினும் வலியது கொசுவின் ஆயுள். நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்குமாயின், நூறு கொசுக்களில் பத்து நாட்களுக்குப் பின் 35 எஞ்சும்; நூற்றுக்கு எண்பதே பிழைக்குமாயின் 11தான் எஞ்சும். வகுப்பில் மாணவர்களே பெருக்கிப் பார்க்கக்கூடிய கணக்கு இது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் சூட்சுமமும் இதுவே: இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் கொசு கிருமி முதிரும் வயதை எட்டுவதில்லை.

மொரிசியஸ் மலேரியா ஒழிந்த நாடு என 1973இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1975ஆம் ஆண்டு வீசிய புயலுக்குப் பின், வெளியிலிருந்து வந்த கிருமிக்குக் கொசுக்கள் காத்திருந்தமையால், நோய் மீண்டும் தலைதூக்கியது. உள்ளூர்த் தொற்று நிற்க 1997 வரை ஆயிற்று. மலேரியாவைச் சுமக்கவல்ல அனோபிலிஸ் கொசு ஒன்று அத்தீவை விட்டுப் போகவில்லை. எனவேதான் நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரைக் கண்டறிந்து இரத்தம் சோதிக்கும் பணி அதன்பின்னும் அங்கே தொடர்ந்தது.