முனையை மறந்தால் கணக்கு தப்பும்

என் இறுதியாண்டு ஆய்வில் மூன்று வார உழைப்பு வீணானது. கணக்கு எளிதாகட்டும் என்று ஒரு துகள் சங்கிலியின் இரு முனைகளையும் வளையமாக இணைத்தேன். விடை முழுவதும் தவறியது. காரணம் எங்கள் ஊர்த் திருவிழாவில்தான் விளங்கியது.

சீனப் புத்தாண்டின்போது ஜெஞ்சாரோம் டோங் ஜென் புத்தர் கோயிலில் விளக்குகள் ஒளிரும், கூட்டம் அலைமோதும். வட்டமான பாதையில் எல்லாரும் ஒரே பக்கம் நடந்தால் நெரிசல் இராது. அதே பாதையை ஓரிடத்தில் அடைத்தால், அத்தனை பேரும் அந்த அடைப்பின் முன் குவிந்துவிடுவர்.

ஆனால், பெரிய பொருளின் விளிம்பு அதன் உட்பகுதியை மாற்றாது என்றே வகுப்பில் படிக்கிறோம். வெளியுலகோடு தொடர்பில்லாத மூடிய அமைப்புக்கு அது பொருந்தும். அதன் கணிதம் ஹெர்மிட்டியன் வகை. சூழலோடு ஆற்றலைப் பரிமாறும் திறந்த அமைப்புகளுக்கோ ஹெர்மிட்டியன் அல்லாத கணிதமும் தேவைப்படுகிறது. இத்தகைய திறந்த அமைப்புகளுக்கான பொதுச் சமன்பாட்டை 1976இல் அளித்தவர்களுள் ஒருவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற ஈ.சி.ஜி. சுதர்சன் என்பது நமக்குப் பெருமை.

1996இல் ஹதானோ, நெல்சன் இருவரும் வலப்புறத் தாவல் இடப்புறத் தாவலைவிட வலிமையான சங்கிலியை ஆராய்ந்தனர். அவ்வலிமை இருமடங்கு என்று கொள்வோம். வளையத்தில் துகள் எங்கும் சமமாகப் பரவும். முனைகள் இணையாத சங்கிலியிலோ, வலப்பக்கம் ஓரிடம் நகரும்தோறும் துகள் அங்கே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். 10 இடங்களில் சுமார் 1000 மடங்காகும்! எல்லா நிலைகளும் ஒரே முனையில் குவியும். 2018இல் யாவ், வாங் ஆகியோர் இதற்குத் ‘தோல் விளைவு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதனை மின்சுற்றில் காட்டினர்.

துகள்கள் பலவானால் என்ன ஆகும்? ஒரே வகைச் சுழற்சியுடைய எலக்ட்ரான்கள் இரண்டு ஒரே இடத்தில் அமர மாட்டா. கோயில் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் நிற்க முடியாதல்லவா? ஆகவே அவை முனையிலிருந்து வரிசையாக நிரம்புகின்றன. இடங்களில் பாதியளவே துகள்கள் இருந்து, ஒருபக்கத் தள்ளலும் வலிமையாக இருந்தால், சங்கிலியின் ஒரு பாதி ஏறக்குறைய நிறைந்தும் மறுபாதி காலியாகவும் இருக்கும். குவியலுக்கு அளவு வைப்பது துகள்களின் இந்த இயல்பே.

முனைகளைப் பிரித்து மீண்டும் கணக்கிட்டேன். விடை சரியாக வந்தது. அறிவியல் பயிலும் நண்பர்களே, திறந்த அமைப்பைக் கணக்கிடத் தொடங்கும் முன், அதன் முனைகள் இணைந்தவையா, இணையாதவையா என்று முதலில் கேளுங்கள். என்னைப் போல் மூன்று வாரங்களை இழக்க வேண்டாம்.