பெட்டிக்குள் ஒரு பணிமனை

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' கப்பல் வந்ததை அன்பர்கள் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து இறங்கிய கன்டெய்னர் பெட்டிகளின் வரலாறு 1956 ஏப்ரல் 26 அன்று தொடங்குகிறது. அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி, நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே இருப்பது முந்திரியா, மோட்டாரா என்று கிரேன் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டியதில்லை. கப்பல், ரயில், லாரி மூன்றிலும் பெட்டி பிரிக்கப்படாமலே போகும்.

ரயில்வேயில் இருந்தவனுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 1000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். மூட்டை கிழியும், மழையில் நனையும், எண்ணிக்கை குறையும். சரக்கிலும் குற்றமில்லை, வண்டியிலும் குற்றமில்லை. பாதை மாறுகிற இடத்தில்தான் சேதம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்பதை ஓய்வு பெற்ற பிறகே அறிந்துகொண்டேன். ஒருவர் கணிப்பொறியில் ஒழுங்காக ஓடும் நிரல், அடுத்தவர் கணிப்பொறியில் படுத்துக்கொள்ளும். இவரிடம் பிஎச்பி ஒரு பதிப்பு, அவரிடம் வேறொன்று. இவரிடம் லினக்ஸ், அவரிடம் விண்டோஸ்.

சாலையில் தலைமுறைகளாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள், விக்கிமூலத்தில் பழைய தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வந்தாள். ஓரிடத்தில் தமிழ் எழுத்து சரியாக வராததைக் கண்டு, தானே திருத்திப் பார்க்க ஆசைப்பட்டாள். விக்கிப்பீடியா, விக்கிமூலம் எல்லாவற்றையும் இயக்குவது மீடியாவிக்கி என்ற திறமூல மென்பொருள். அதன் நிரல் எவருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்ற முடியுமா? முதலில் அதைத் தன் மடிக்கணினியில் நிறுவிச் சோதிக்க வேண்டும். வலைச் சேவையகம், பிஎச்பி, தரவுத்தளம், டஜன் கணக்கில் நூலகங்கள் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போராடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்று மூடி வைத்துவிட்டாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்கு வராதது நிரல் எழுதுவதல்ல, வாசற்படி ஏறுவதுதான். தமிழுக்கான கோளாறுகளைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். அப்படிப்பட்டவர் வாசலிலேயே திரும்பிப் போனால் அந்தக் கோளாறு அங்கேயே கிடக்கும்.

இந்த வாசற்படியைத் தாழ்த்துவதற்கு வந்ததுதான் மென்பொருள் கன்டெய்னர். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் 'டாக்கர்' என்ற பெயரில் இதை வெளியுலகுக்குக் காட்டினார். அடித்தளம் அதற்கு முன்பே லினக்ஸின் கருவான கெர்னலில் போடப்பட்டிருந்தது. ஒரு நிரல் எதைப் பார்க்கலாம் என்று வேலி கட்டும் வசதி ஒன்று, எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று அளந்து கொடுக்கும் வசதி மற்றொன்று. முன்பு கணிப்பொறிக்குள் இன்னொரு முழுக் கணிப்பொறியையே பாவனையாக ஓட்டுவார்கள். அது ஒவ்வொரு வேகனுக்கும் தனி எஞ்சின் பூட்டுவது போல. கன்டெய்னர்களோ ஒரே எஞ்சினின் பின்னால் செல்லும் பெட்டிகள். ஆகையால் பழைய மடிக்கணினியும் தாங்குகிறது.

மீடியாவிக்கியின் நிரல் தொகுப்பிலேயே இதற்கான பட்டியல் கோப்பு இருக்கிறது. அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். அவளுடையது விண்டோஸ் கணிப்பொறி. அதனுள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியையும், டாக்கர் டெஸ்க்டாப்பையும் நிறுவினோம். 'கிட்' கருவியால் நிரலை இறக்கினோம். இதை லினக்ஸ் பகுதிக்குள் வைக்க வேண்டும், விண்டோஸின் சி டிரைவில் வைத்தால் ஆமை வேகம்தான். பிறகு ஒரு சிறு அமைப்புக் கோப்பில் 8080 என்ற வாயில் எண்ணையும், லினக்ஸில் நம் பயனர் எண்ணையும் எழுத வேண்டும். பயனர் எண்ணை விட்டுவிட்டால், உள்ளே உருவாகும் கோப்புகள் நிர்வாகிக்குச் சொந்தமாகி, நாம் தொட முடியாமல் போகக்கூடும்.

அதன்பின் 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரு கட்டளை. வலைச் சேவையகம், பிஎச்பி, பின்னணி வேலைகளைக் கவனிப்பது என்று மூன்று பெட்டிகள் வந்து நின்றன. உள்ளே 'கம்போசர்' கட்டளை நூலகங்களைத் திரட்டியது. (கம்போஸ் வேறு, கம்போசர் வேறு. பெயர் வைத்தவர்கள் நம் வயதை நினைக்கவில்லை.) கடைசியாக நிறுவும் கட்டளை. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று தட்டியதும், அவளுக்கே அவளுக்கென்று ஒரு விக்கி திறந்தது. மாலைக் காபி ஆறுவதற்குள் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இறக்குமதிக்கே நேரம் பிடித்தது. ஆனால் ஒரு மாலையில் முடிந்தது.

முக்கியமான சூட்சுமம் ஒன்று. நிரல் பெட்டிக்கு வெளியே, நம் வட்டிலேயே இருக்கிறது. பெட்டி அதைச் சன்னல் வழியாகப் பார்ப்பது போலப் பார்க்கிறது. நாம் ஒரு வரி மாற்றினால் உள்ளே உடனே தெரியும். பெட்டியைத் தூக்கி எறிந்தாலும் நம் உழைப்பு போகாது. ஏதேனும் உடைந்தால் பெட்டிகளை அழித்து மீண்டும் எழுப்பலாம். உடைத்துவிடுவோமோ என்ற அச்சம் போனதுதான் அவளுக்குப் பெரிய லாபம்.

ஆனால் பெட்டி என்றாலே பத்திரம் என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்தில் சுங்க அதிகாரி எதற்கு இருக்கிறார்? முகம் தெரியாத யாரோ கட்டிவைத்த டாக்கர் பிம்பத்தை இறக்கி ஓட்டக் கூடாது. திட்டத்தாரே வெளியிடுவதை எடுங்கள், அதைக் கட்டிய செய்முறைக் கோப்பையும் வாசியுங்கள். மூடிய பெட்டியைவிடத் திறந்த செய்முறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. டாக்கர் டெஸ்க்டாப் தனிநபருக்கு இலவசம், பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். 'பாட்மேன்' என்ற மாற்றுக் கருவியும் உண்டு.

நம் நகரம் இதற்குப் புதிதல்ல. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இங்கேதான் தொடங்கப்பட்டது, ரிச்சர்ட் ஸ்டால்மனே வந்திருந்தார். கேரளத்துப் பள்ளிகளில் குழந்தைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். மலையாள நண்பர்களின் 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு, தமிழுக்கு 'மீரா இனிமை' என்ற எழுத்துருவையே செய்து தந்திருக்கிறது.

அந்தப் பெண் தன் திருத்தத்தை 'கெரிட்' என்ற சரிபார்ப்புத் தளத்துக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு வரிகளை மாற்றி எழுதச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

முயன்று பார்க்க விரும்பும் பிள்ளைகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு மடிக்கணினியுடன் வரலாம். வட்டில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும், சார்ஜரை மறக்க வேண்டாம்.