நாடகக் கதைகளும் எங்கள் கதைகளும்

மாலை ஆறு மணிக்குப் பிறகு எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, எந்த ஒழுங்கையால் நடந்தாலும் ஓர் அழுகைச் சத்தம் கேட்கும். அது எவர் வீட்டு இழவும் அல்ல. தொலைக்காட்சி நாடகம்.

நாள் முழுவதும் வயலிலும் வாவிக்கரையிலும் அடுப்படியிலும் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் ஓர் ஓய்வு. பிள்ளைகளுடன் தனித்திருக்கும் பெண்ணுக்கு வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்பதே துணை. ஆண்கள் கிரிக்கெட் பார்ப்பதை எவரும் குறை சொல்வதில்லை. எனவே நாடகம் பார்க்க வேண்டாம் என்று சொல்வது எமது நோக்கமல்ல. பார்ப்போம். ஆனால் எமக்கு என்ன கதை சொல்லப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே பார்ப்போம்.

அவிழாத முடிச்சு

1999இல் ‘சித்தி’ தொடங்கிய காலம் முதல் தமிழகத்துத் தொடர் நாடகங்கள் எமது வீடுகளுக்குள் வந்துவிட்டன. ‘மெட்டி ஒலி’ (2002 - 2005) ஐந்து பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்கப் பாடுபட்ட தகப்பனின் கதை. ‘கோலங்கள்’ (2003 - 2009) குடும்பத்தைச் சுமந்தபடி கட்டடத் தொழிலில் காலூன்றிய ஒரு மகளின் கதை. ‘எதிர்நீச்சல்’ முதற்பாகம் (2022 - 2024) படித்த பெண்கள் மருமக்களாக வந்து அடைபட்டுக் கிடக்கும் வீட்டின் கதை. பெண்ணின் உழைப்பையும் கோபத்தையும் பேசிய இடங்கள் இவற்றில் உண்டு. அதை மறுக்க முடியாது.

ஆனால் நாடகம் நாள்தோறும் ஓட வேண்டும். இடையில் விளம்பரம் போக வேண்டும். ஆகவே முடிச்சு அவிழக் கூடாது. ஒருவர் வாய்திறந்து ஓர் உண்மையைச் சொன்னால் கதை முடிந்துவிடும் என்பதால் எவரும் சொல்வதில்லை. கடிதம் ஒளிக்கப்படும், பேச்சு அரைகுறையாகக் காதில் விழும். முடிச்சுப் போடுபவரும் பெரும்பாலும் இன்னொரு பெண்தான்: மாமியார், மச்சாள், சக்களத்தி. பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்ற பாடம் இப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

மட்டக்களப்புப் பகுதியில் மாமியார் வீட்டுக்கு மருமகள் போவது பொதுவான வழக்கமல்ல. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வருவதே தமிழ், முஸ்லிம் இரு சமூகங்களிலும் நீண்டகால வழமை. குடியும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது எமக்கிருக்கும் ஒரு பலம். நாடகத்து மருமகளின் கண்ணீரைப் பார்த்துப் பார்த்து இந்தப் பலத்தை மறந்துவிடக் கூடாது. வீட்டையும் காணியையும் அடகு வைக்கும் கடதாசி எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கவும் கூடாது.

‘இவருக்குப் பதில் இவர்’

நாடகத்தில் ஒரு நடிகர் விலகிவிட்டால் மறுநாள் திரையில் ஒரு வரி எழுதுவார்கள்: இவருக்குப் பதில் இவர். வேறு முகத்துடன் கணவன் உள்ளே வருவான். மனைவி எதுவும் நடவாததுபோல் சோறு போடுவாள். விபத்தில் தொலைந்த கணவன் நினைவிழந்து எங்கோ வாழ்ந்து, பல மாதம் கழித்துத் திரும்புவதும் உண்டு.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது எம்மில் எத்தனை பேரின் நெஞ்சு அடைக்கிறது? 1990இலும் அதன் பின்னரும் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு, வேலைக்கென்று போய்த் திரும்பாதவர்களுக்குப் ‘பதில்’ எவரும் வரவில்லை. பொட்டு வைக்கலாமா, கூடாதா என்று ஊர் கேட்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் அவரை நாமே சாகடித்ததுபோல் மனம் குறுகுகிறது. இந்த நிலையிலுள்ள குடும்பங்களுக்காக, 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி செய்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் செயற்படத் தொடங்கியது. கடதாசி கிடைத்ததே தவிர, எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதே பல தாய்மாரின் குறை.

சின்னத்திரை விதவை மூலையில் இருந்து அழுகிறாள், அல்லது இன்னொருவர் தயவில் வாழ்கிறாள். ஆனால் எமது ஊர்களில் வேறொரு கதையும் இருக்கிறது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற இடங்களில் வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்கில் வழக்குரை பாடப்படுகிறது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவள் மூலையில் ஒதுங்கவில்லை. அரசன் முன்னால் போய்க் கையில் சான்றுடன் நியாயம் கேட்டாள். அவள் சினம் தணியவே குளிர்த்தி பாடுகிறோம். கணவனையும் பிள்ளையையும் தேடிப் படத்துடன் வீதியோரம் நிற்கும் பெண்ணை ‘இவளுக்கு வேறு வேலையில்லை’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதையை நினைவுபடுத்துவோம்.

கடையைக் காப்பாற்ற வருபவர்

இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வேறு வகை நிகழ்ச்சிகளையும் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்று நொடிந்த உணவகங்களை மீட்கும் நிகழ்ச்சி. கோர்டன் ராம்சே என்ற சமையற்காரர் 2004இல் பிரித்தானியாவிலும் 2007இல் அமெரிக்காவிலும் இதைத் தொடங்கினார். கடைக்கு வருவார், சாப்பாட்டை ருசி பார்த்துத் திட்டுவார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்துவார். உரிமையாளர் அழுவார். பிறகு சுவருக்கு வர்ணம், சுருக்கமான உணவுப் பட்டியல், கைதட்டல். ஒரு வாரத்தில் கதை முடியும். கமரா போன பிறகு அந்தக் கடைகளில் பல மூடப்பட்டுவிட்டன.

இது எமக்குப் பழகிய கதைதான். தையல் மெசின் அல்லது ஐந்தாறு கோழிகள் தந்து, படம் எடுத்து, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போன வாழ்வாதாரத் திட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். தொழில் படுத்ததும் ‘அவளுக்கு நடத்தத் தெரியவில்லை’ என்பார்கள். சுத்தமும் கணக்கும் கட்டாயம் வேண்டும். அதில் எமக்கும் படிப்பினை உண்டு. ஆனால் 2022 நெருக்கடியில் சமையல் எரிவாயு இல்லாமலும் மா விலை ஏறியும் இடியப்பக் கடை மூடப்பட்டதற்கு அதை நடத்திய பெண்ணா காரணம்? வாராவாரம் வாசலில் நிற்கும் நுண்கடன் வட்டியைக் கறி ருசியால் மட்டும் அடைக்க முடியுமா?

வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்கள் கூட்டாக ஓர் இடத்தில் உள்ளூர் உணவு சமைத்து விற்கிறார்கள். மீட்க வரும் ஒருவரை நம்பியிராமல், இடமும் சந்தையும் கூட்டும் சேர்ந்தால் தொழில் நிற்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

கேட்டுப் பார்ப்போம்

சங்கக் கூட்டத்தில் ஒருநாள் எல்லோரும் பார்க்கும் ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். இந்த முடிச்சை யார் போட்டார்கள்? எந்த உண்மையைச் சொன்னால் அவிழும்? பகிடி என்ற பெயரில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்: கறுத்தவளையா, கொன்னை பேசுபவரையா, கட்டாமல் இருப்பவளையா? இந்தக் கதை எங்கள் ஊரில் நடந்தால் முடிவு என்னவாகும்?

நாடகத்தில் எல்லாத் துன்பத்துக்கும் ஒரு கெட்டவள் காரணம். எமது துன்பங்களுக்குப் போர், கடல், கடன், பதில் தராத அலுவலகம் எனப் பல காரணங்கள். பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் எம்மோடு பாயில் இருந்து நாடகம் பார்ப்பவள்.