ஸிஃப்ரும் வெட்டுத்துண்டும்

நேர்க்கோடு ஒன்றின் சமன்பாட்டைத் தந்து, அது எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தைக் கேட்டால், எக்ஸுக்கே சுழியம் இட்டு விடை காண்கின்ற மாணவர் பலர். விடை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒய் அச்சுக்குரியது. விதியை மனனம் செய்து பொருளைக் கைவிடுவதால் நேரும் பிழை இது. நஹ்வு விதிகளைத் தடையின்றி ஒப்பித்துவிட்டு, வாசகத்தில் இஃராப் கூறத் தடுமாறுவோரை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எக்ஸ் அச்சு கிடையாகச் செல்வது. அதன் மீதுள்ள எந்தப் புள்ளியும் அதைவிட்டு மேலே ஏறுவதுமில்லை, கீழே இறங்குவதுமில்லை. ஆகவே அங்கெல்லாம் ஒய்யின் மதிப்பு சுழியமே. எக்ஸ் வெட்டுத்துண்டை நாடுவோர் ஒய்யைச் சுழியமாக்க வேண்டுவது இதனாலேயே. ஒய் வெட்டுத்துண்டுக்கு இதன் மறுதலை.

இன்றைய அரபுப் பாடநூல்கள் எக்ஸுக்கு ஸீன் என்னும் எழுத்தையும், ஒய்க்கு ஸாத் என்னும் எழுத்தையும் ஆள்கின்றன. வெட்டுத்துண்டை 'மக்தஉ' என்கின்றன. வெட்டுதல் எனப் பொருள்படும் 'கதஅ' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழும் அரபும் இங்கே ஒரே உருவகத்தைக் கையாளுவது இன்பம் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மதரஸா நூலகம் ஒன்றுக்கு 6000 ரூபாய் கிடைக்கிறது. அகராதி ஒன்றின் விலை 300 ரூபாய். இலக்கண நூல் ஒன்றின் விலை 200 ரூபாய். அகராதிகளின் எண்ணிக்கை எக்ஸ், இலக்கண நூல்களின் எண்ணிக்கை ஒய் எனக் கொண்டால்,

300 எக்ஸ் + 200 ஒய் = 6000

ஒய்யைச் சுழியமாக்கினால் எக்ஸ் 20. எக்ஸைச் சுழியமாக்கினால் ஒய் 30. தொகை முழுவதையும் அகராதிக்கே செலவிட்டால் 20 கிடைக்கும், இலக்கண நூலுக்கே செலவிட்டால் 30 கிடைக்கும் என்பதே இவற்றின் பொருள். (20, 0), (0, 30) என்ற இரு புள்ளிகளை இணைத்தால் கோடு முழுமையும் கிடைத்துவிடும். இடையிலுள்ள (10, 15) அதன் மீதே அமைகிறது. 11 அகராதிகள் வாங்குவோமாயின் ஒய் பதின்மூன்றரை ஆகிறது; கோட்டுக்கு அது இசைவானதே, அரை நூலை விற்கும் கடைக்காரர்தாம் இல்லை!

சுழியம் இங்கே செய்யும் பணி யாது? அறியப்படாதவை இரண்டில் ஒன்றை நீக்கிவிடுகிறது. எஞ்சும் ஒற்றை 'ஷைஉ'வைக் காண்பது, கலீஃபா மஅமூன் காலத்தில் (813–833) அல்குவாரிஸ்மி தமது 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலில் வகுத்த முறைக்குள் அடங்கும். அதற்காக அச்சுகளையும் அவருடையவை என உரிமை கொண்டாடுதல் தகாது. எண்களைக்கூட அந்நூலில் அவர் சொற்களாகவே எழுதினார். இயற்கணிதத்தையும் வடிவியலையும் இணைப்பதில் உமர் கய்யாம் (1048–1131) வெகுதூரம் சென்றார். ஆயத்தொலை முறைக்கு வழிகோலியது 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டின் நூல்.

2 எக்ஸ் – 3 ஒய் = 12 என்ற கோட்டின் ஒய் வெட்டுத்துண்டு –4. எதிர்மறை விடைகளை அல்குவாரிஸ்மி ஏற்றதில்லை. அச்சோ ஆதிப்புள்ளிக்குக் கீழும் நீள்வதால் அதற்கும் இடமளிக்கிறது. ஆதிப்புள்ளி வழியே சாய்வாகச் செல்லும் கோட்டுக்கு இரு வெட்டுத்துண்டுகளும் சுழியமே. அதனை வரைய வேறொரு புள்ளியைத் தேட வேண்டும். ஒய் = 5 என்ற கோட்டில் ஒய்க்குச் சுழியம் இட்டால், சுழியமும் ஐந்தும் சமம் என்ற முரண் பிறக்கிறது. அக்கோடு எக்ஸ் அச்சை எங்கும் சந்திப்பதில்லை என்பதை அம்முரணே அறிவித்துவிடுகிறது.