பழைய வீட்டு ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டுமா?

இங்கிலாந்தில் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் குளிர்காலம் வந்தாலே ஜன்னல்தான் தலைவலி. மரச்சட்டம் உப்பிக்கொண்டு மூட மறுக்கும். இடுக்கு வழியே காற்று வீசும். விடிந்தால் கண்ணாடியில் நீர் வழியும். தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளில் தெருத்தெருவாக நிற்பவை விக்டோரிய, எட்வர்டிய காலத்து வீடுகள். டபுள் கிளேசிங் போட அழைத்தால் வருகிற விற்பனையாளர், “அனுமதியெல்லாம் தேவையில்லை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பல வீடுகளுக்கு அது சரிதான். உங்கள் வீட்டுக்குச் சரியில்லை என்றால், கவுன்சிலின் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொல்வது இங்கிலாந்தின் சட்டம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

தனி வீடு என்றால்

வீடு எத்தனை வருடப் பழையது என்பதை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. அது எந்த வகையில் சேர்கிறது என்றே பார்க்கிறது. ஒரு குடும்பம் வாழும் சாதாரண வீட்டுக்கு, சுவர் ஒட்டிய வரிசை வீடு உட்பட, 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை ஓர் உரிமை தருகிறது. ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ எனப்படும் இந்த உரிமையின்படி, விண்ணப்பிக்காமலே ஜன்னலை மாற்றலாம். நிபந்தனை ஒன்று உண்டு: புதியது பார்வைக்குப் பழையதை ஒத்திருக்க வேண்டும். மரத்துக்குப் பதில் யுபிவிசி போடுவதே தவறு என்றில்லை. மொத்த வடிவம், ஜன்னல் சட்டத்தின் நிறம், தடிமன் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. பக்கச் சுவரில் மேல்மாடியில் புதிதாக ஜன்னல் வைத்தால், மங்கலான கண்ணாடி போட வேண்டும். அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேலுள்ள பகுதி மட்டுமே திறக்கலாம். அண்டை வீட்டாரின் அந்தரங்கத்துக்கான காப்பு இது.

ஃபிளாட் என்றால்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மேற்சொன்ன உரிமை ஃபிளாட்டுக்குக் கிடையாது. பழைய வீடொன்றை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்திருந்தால் அவையும் ஃபிளாட்தான். ஜன்னல் மாறியதால் வெளித்தோற்றம் கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், பிளானிங் பெர்மிஷன் வேண்டும். எதிர் வீட்டுக்காரர் கேட்காமலே மாற்றினார் என்பது சாட்சியாகாது. அவருடையது பிரிக்காத வீடாக இருக்கலாம். லீஸ் பத்திரத்தையும் படியுங்கள். பல லீஸ்களில் ஜன்னல் சட்டம் ஃப்ரீஹோல்டரின் சொத்து. அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொட்டால் ஒப்பந்த மீறல். கவுன்சிலின் அனுமதி அதை ஈடுசெய்யாது.

பாதுகாப்புப் பகுதி, பட்டியலிட்ட கட்டடம்

‘கன்சர்வேஷன் ஏரியா’ என்னும் பாதுகாப்புப் பகுதிகள் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. இங்கிலாந்தில் இன்று சுமார் 10,000 இருக்கின்றன. அங்கே வீடு இருப்பதால் மட்டும் ஜன்னலை மாற்றும் உரிமை போய்விடாது. ஆனால் பல கவுன்சில்கள் ‘ஆர்டிகிள் 4’ உத்தரவு போட்டு அந்த உரிமையைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. பிறகு முன்பக்க ஜன்னலுக்கு விண்ணப்பம் கட்டாயமாகலாம்.

விண்ணப்பத்தில் கவுன்சில் அதிகாரி எதைப் பார்க்கிறார்? விக்டோரிய ‘சாஷ்’ ஜன்னலில் இரண்டு சட்டங்கள் மேலும் கீழும் நகரும். பக்கத்து மரப்பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடைகள் அவற்றைத் தாங்கும். கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய மரக்கம்பிகள் ஓடும். மலிவான மாற்று ஜன்னலிலோ சட்டம் தடித்து, கண்ணாடி சுருங்கி, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பட்டைகள் இருக்கும். தெருவில் நின்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

வீடு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ‘லிஸ்டட் பில்டிங்’ என்றால் விளையாட்டே வேண்டாம். அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் தனி இசைவு வேண்டும். உட்புற வேலைக்கும் இது பொருந்தும். இசைவின்றிச் செய்வது குற்றம். இரண்டு வருடம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் விதிக்கலாம். நடவடிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ், வீட்டை வாங்கியவருக்கும் வரலாம். இசைவுக்கான விண்ணப்பத்துக்கோ கட்டணமே இல்லை.

கட்டட விதிகள் தனி

பிளானிங் தேவையில்லை என்றாலும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் உண்டு. 2002 ஏப்ரல் 1 முதல், ஜன்னலை முழுதாக மாற்றினால் அது விதிப்படி செய்யப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். ஃபென்சா, சர்டாஸ் போன்ற திட்டங்களில் பதிவுசெய்த நிறுவனம் தானே சான்றளிக்கும். மற்றவர்கள் செய்தால் பில்டிங் கண்ட்ரோலுக்குத் தெரிவிக்க வேண்டும். இது வெறும் காகிதம் இல்லை. மேல்மாடிப் படுக்கையறை ஜன்னல் தீவிபத்தில் உயிர் தப்பும் வழி. அப்படித் தப்புவதற்கான ஜன்னலின் திறப்பு 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் தலா 450 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டி. நன்றாகத் திறந்த ஜன்னலை எடுத்துவிட்டு, மேலே சின்னக் கதவு மட்டும் திறக்கும் ஜன்னலை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

- கவுன்சிலின் இணைய வரைபடத்தில் பாதுகாப்புப் பகுதியும் ஆர்டிகிள் 4 உத்தரவும் உண்டா என்று பாருங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் வீட்டைத் தேடுங்கள்.
- வீட்டுக்கு முன்பு கிடைத்த பிளானிங் அனுமதியின் நிபந்தனைகளைப் படியுங்கள். அதிலேயே உரிமை நீக்கப்பட்டிருக்கலாம்.
- சந்தேகம் இருந்தால், அனுமதி தேவையில்லை என்று கவுன்சில் தரும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வழக்கமான பிளானிங் கட்டணத்தில் பாதிதான். விற்கும்போதும் உதவும்.
- முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. அளவெடுத்துச் செய்யும் ஜன்னலுக்கு 14 நாள் ரத்து உரிமை பொதுவாகக் கிடைக்காது.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா?

பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வேலை முடிந்த பின்னும் அனுமதி கேட்கலாம். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அமலாக்க நோட்டீஸ் வந்தால், அது நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வாய்ப்பு போய்விடும். சாதாரணக் கட்டுமான மீறல்களில், 2024 ஏப்ரல் 25க்கு முன் முடிந்த வேலையென்றால் 4 வருடத்துக்குள்ளும், அதற்குப் பின் முடிந்ததென்றால் 10 வருடத்துக்குள்ளும் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். பட்டியலிட்ட கட்டடத்துக்கு இந்தச் சலுகை இல்லை. பின்னால் இசைவு கிடைத்தாலும் நடந்த குற்றம் அழியாது. கட்டட விதிச் சான்று இல்லையென்றால் முறைப்படுத்தும் சான்றிதழ் கேட்கலாம். வீட்டை விற்கும்போது நிரப்பும் படிவத்தில் 2002க்குப் பின் மாற்றிய ஜன்னல் பற்றிய கேள்வி இருக்கிறது. அங்கே பதில் இல்லாமல் நின்றால் வாங்குபவரின் வக்கீல் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. குளிரைத் தடுக்க ஜன்னலையே மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே மரத்தில் ஒட்டுப்போடலாம். இடுக்குகளில் காற்றுத் தடுப்புப் பட்டை வைக்கலாம். உட்பக்கமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். சாதாரண வீட்டில் இவற்றுக்குப் பிளானிங் அனுமதி தேவைப்படாது. லிஸ்டட் வீட்டிலும் ஃபிளாட்டிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மரவேலை தெரிந்த ஒருவரை அழைத்து, பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்த பிறகே புது ஜன்னலுக்கு விலை கேளுங்கள்.