பாட்டரிக் கைக்கருவிகள்: சோளிங்கர்ப் பக்கத்து உழவர்களின் அநுபவம்

பருவத்தே செய்யாத வேலை பாதிப் பலனும் தராது என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கர் வட்டாரத்தில் இந்நாளில் வேலை பருவம் தப்புவதற்கு மழையின் குறை ஒன்றே காரணமென்று கூறுதற்கில்லை. ஊரிலுள்ள வாலிபர்களும் பெண்களுள் பெரும்பாலாரும் விடியற்காலத்தில் பஸ் ஏறி, ராணிப்பேட்டை முதலிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளுக்கும், செருப்புத் தொழிற்சாலைகளுக்கும், வேறு ஆலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். மாதச் சம்பளம் நிச்சயமாய்க் கிடைக்கும் வேலையை விட்டு மருந்து தெளிக்கவும் கிளை கழிக்கவும் அவர்கள் வருவார்களென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களில் வயது சென்றோரே தங்கள் கையால் யாவற்றையும் செய்துகொள்ள வேண்டியவராயிருக்கின்றனர்.

இத்தகையோர் கைக்கு வந்து சேர்ந்திருப்பவையே பாட்டரியால் இயங்கும் கைக்கருவிகள். முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் ஸ்பிரேயர், துளைபோடும் டிரில், கிளை அறுக்கும் சிறு சங்கிலி ரம்பம், வரப்புப் புல் வெட்டும் யந்திரம், போல்ட்டு கழற்றும் கருவி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவற்றை வாங்கி ஆண்டனுபவித்தவர்கள் அடைந்த லாபமும் பட்ட நஷ்டமும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற கருத்துடன் கீழே தரப்படுகின்றன.

இக்கருவிகள் வந்த வரலாறு

மின்சாரக் கம்பியின் துணையின்றி இயங்கும் டிரில் 1961-ம் வருஷத்தில் அமெரிக்காவில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதில் நிக்கல்-காட்மியம் பாட்டரி உபயோகிக்கப்பட்டது. அவ்வகைப் பாட்டரி கனமானது. முழுவதும் தீராமுன் அடிக்கடி சார்ஜ் ஏற்றினால் அதன் கொள்ளளவு குறைவதுபோல் தோன்றும் குணமும் அதற்கு உண்டு. 1991-ல் ஜப்பானில் லித்தியம்-அயான் பாட்டரி வியாபாரத்திற்கு வந்தபின் நிலைமை மாறிற்று. இதைக் கண்டு வளர்த்த மூவருக்கு 2019-ம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எடை குறைந்து சக்தி மிகுந்த இப்பாட்டரியே இன்று கைக்கருவிகளில் பெரும்பாலும் இருப்பது. ஸ்பிரேயர்களிலோ விலை மலிவை உத்தேசித்துக் காரீய-அமிலப் பாட்டரியே இன்னும் அநேகமாய் வைக்கப்படுகிறது. இவ்விரண்டின் குணமும் வேறு, பராமரிப்பும் வேறு. இந்த வேற்றுமையை அறியாமையே உடையவர்களுக்கு நேர்ந்த நஷ்டங்களில் பாதிக்குக் காரணமாகும்.

மருந்து தெளிப்பதில் உண்டான செளகரியம்

நிலக்கடலைக்கு ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர் கரைசல் தெளிக்க வேண்டுமெனக் கொண்டால், 16 லிட்டர் டாங்கியால் பன்னிரண்டரை முறை நிரப்ப வேண்டும். கைப்பிடி ஸ்பிரேயரில் ஒரு கை ஓயாது பிடியை அடித்துக்கொண்டும், மற்றொரு கை குழலை ஏந்திக்கொண்டும் இருக்க வேண்டும். பிற்பகலில் கை சோர்ந்து அழுத்தம் குறைந்தால் துளிகள் பருத்து இலையில் தங்காமல் வழிந்துவிடும். பாட்டரி ஸ்பிரேயரில் சிறு பம்பு ஒரே சீரான அழுத்தம் தருவதால் முதல் டாங்கியும் கடைசி டாங்கியும் ஒரே விதமாய் விழுகின்றன.

சோளிங்கருக்குக் கிழக்கேயுள்ள கிராமம் ஒன்றில், மகன் செருப்புத் தொழிற்சாலைக்குச் சென்றுவிட, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலையைத் தாமே கவனித்துவரும் ஓர் அம்மாள் இருக்கிறார். கைப்பிடி ஸ்பிரேயரை அவரால் ஒரு டாங்கிக்கு மேல் அடிக்க இயலவில்லை. கூலிக்குத் தெளிப்பவர் வரும்வரையில் பூச்சி காத்திருப்பதில்லை. பாட்டரி ஸ்பிரேயர் வாங்கியபின் அவர் டாங்கியில் 10 லிட்டர் மாத்திரமே ஊற்றிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குள் அரை ஏக்கர் வீதம் மூன்று நாளில் வேலையை முடித்துவிடுகிறார். டாங்கி நிரம்ப 16 லிட்டர் ஊற்றினால் கருவியின் எடையும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் முதுகில் ஏறும் என்பதை அவர் முதல் நாளே கண்டுகொண்டார். குறைய ஊற்றி அதிக முறை நடப்பது முதுகுக்கு நன்று என்பது அவர் அநுபவம்.

வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்போர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு வீதம் இடித்து, இரவு ஊறவைத்து எடுக்கும் சாற்றில் நுண்ணிய சக்கை நிற்கும். அது பம்பையும் நாசிலையும் அடைத்துவிடும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி ஊற்றியவர்களுக்கு இத்தொல்லை இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. விசையை அழுத்தியிருக்கும்வரை மருந்து பாய்ந்துகொண்டே இருக்குமாதலால், மெதுவாய் நடப்பவர் அளவுக்கு மிஞ்சித் தெளித்துவிடுகிறார். புதுக் கருவி வாங்கியவர் முதலில் வெறுந்தண்ணீரை ஊற்றி, ஒரு டாங்கி எத்தனை சென்ட் நிலத்திற்குப் போதுமானது என்று அளந்து பார்த்துக்கொண்டு, பிறகே மருந்து கலக்க வேண்டும்.

ஒருவர் அடைந்த நஷ்டம்

இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலை பயிரிடும் ஒரு விவசாயிக்கு நேர்ந்ததை யாவரும் அறிவது நலம். அவர் வாங்கிய ஸ்பிரேயர் ஒரு பருவம் முழுவதும் குறைவின்றி உழைத்தது. அறுவடை முடிந்ததும் அதைக் கழுவி, மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்துவிட்டார். கடைசி நாள் தெளித்தபின் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை. அடுத்த ஆடிப்பட்டப் பயிரில் சுருள்பூச்சி கண்டபோது, ஏறக்குறைய எட்டு மாதங்களுக்குப்பின் கருவியை இறக்கினார். சார்ஜரில் மாட்டிய கால்மணி நேரத்திற்குள் பச்சை விளக்கு எரிந்தது. அதிசீக்கிரம் ஏறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, கடன் வாங்கி வாங்கிய மருந்தைக் கலக்கிக்கொண்டு நிலத்திற்குச் சென்றார். இரண்டாவது டாங்கி பாதியில் பம்பு நின்றுவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டரி விற்கும் கடை மூடியிருந்தது. மறுநாள் கடையில் அந்த அளவுப் பாட்டரி இருப்பில்லை. அண்டை நிலத்தாருடைய கைப்பிடி ஸ்பிரேயர் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதற்குள் புழுக்கள் இலைகளை மடித்து உள்ளே பத்திரமாய்ப் புகுந்துகொண்டன. நிலத்தின் மேற்குப் பாகம் தீய்ந்ததுபோல் ஆயிற்று. கலக்கிய மருந்தும் வீணாயிற்று. அவ்வருஷம் கடனைத் தீர்க்க வைத்திருந்த மூட்டைகளில் ஒரு பங்கு அப்படியே கைவிட்டுப் போயிற்று.

இதற்குக் காரணம் யாதெனில்: காரீய-அமிலப் பாட்டரி சக்தி இழந்த நிலையில் கிடந்தால், தகடுகளின்மேல் உண்டாகும் காரீய சல்பேட்டு நாளடைவில் கடினமான படிகமாய் இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அது கரைவதில்லை. தகட்டில் சிறு பாகமே வேலை செய்வதால் அது விரைவில் நிரம்பிப் பச்சை விளக்கைக் காட்டும். அவ்வளவு விரைவில் தீர்ந்தும்விடும். ஆகவே பழைய பாட்டரி அதிசீக்கிரம் சார்ஜ் ஏறுவது சுபசூசகமன்று. அது கெட்டதற்கு அடையாளம்.

இப்பொழுது அவர் வேலை முடிந்த அன்றிரவே முழுச் சார்ஜ் ஏற்றுகிறார். வேலையில்லா மாதங்களில் அமாவாசைதோறும் ஒருமுறை பாட்டரியை மாட்டிவிடுகிறார். இதற்கு ஆகும் மின்சாரமோ சொற்பம். 12 வோல்ட்டு, 8 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் அடங்குவது 96 வாட்-மணி. ஏற்றும்போது விரயமாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. நல்ல பாட்டரி ஒருமுறை ஏற்றியதில் சுமார் ஓர் ஏக்கர் வேலையை முடித்துத் தரும்.

தோட்டத்திலும் பட்டறையிலும்

மாந்தோப்பு உடையவர்கள் சிறு சங்கிலி ரம்பத்தை மிகவும் மெச்சுகின்றனர். காய் பறித்தபின் பட்ட கிளைகளையும், உள்நோக்கி வளர்ந்த கிளைகளையும் கழிப்பதற்கு இது உதவுகிறது. ஆயினும் கனத்த கிளையை மேலிருந்தே அறுத்தால், அது பாதியில் முறிந்து தாய்மரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேற்புறம் அறுக்க வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது அவசியம். ஏணிமேல் நின்று ஒற்றைக் கையால் இதை இயக்குவது பேராபத்து. ரம்பத்தின் நுனி கிளையில் பட்டால் கருவி அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும்.

சொட்டுநீர்க் குழாய் பதிப்போருக்குப் பாட்டரி டிரில் செய்யும் உபகாரம் பெரிது. கிளைக்குழாய்களை இணைக்க, பள்ளத்தில் பதித்த பி.வி.சி. குழாயில் வரிசையாய்த் துளை போட வேண்டும். முன்பு கிணற்றுக் கொட்டகையிலிருந்து ஈர நிலத்தின்மீது கம்பி இழுத்து இவ்வேலை நடந்தது. இது உயிருக்கு அபாயம். மேலும் பம்புசெட்டுக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரம் நீரிறைப்பதற்கே உரியது. பாட்டரி டிரில்லால் இவ்விரு தோஷங்களும் நீங்கின. துளை போட்டபின் கிளைக்குழாய்களை மாட்டுமுன், தண்ணீரைத் திறந்துவிட்டுச் சீவல்களை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாத ஒருவருடைய சொட்டுவாய்கள் முதல் வாரத்திலேயே அடைத்துக்கொண்டன.

டிராக்டர்க் கலப்பைக் கொழு மாற்றுவதற்கு, துருவேறிய போல்ட்டைக் கழற்றும் பாட்டரிக் கருவியைச் சோளிங்கர்ப் பட்டறைக்காரர் ஒருவர் நிலத்திற்கே எடுத்துச் செல்கிறார். உழவு நடுவில் கொழு தேய்ந்தால் டிராக்டரைப் பட்டறைக்கு ஓட்டிவரும் அரைநாள் இதனால் மிச்சமாகிறது.

எண்களைப் படிக்கும் விதம்

கடைகளில் 18 வோல்ட்டு, 20 வோல்ட்டு, 21 வோல்ட்டு என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் மயங்குகின்றனர். லித்தியம் கலம் ஒன்றின் சாதாரண அழுத்தம் 3.6 வோல்ட்டு, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டு. ஐந்து கலங்களைத் தொடுத்தால் முதற்கணக்கில் 18, பிற்கணக்கில் 21. 20 என்பதும் அதே ஐந்து கலங்களைக் குறிப்பதே. இதற்குமேல் பெரிய எண் அச்சிட்ட மலிவுக் கருவிகளில் உள்ளேயிருப்பதும் பல சமயம் ஐந்து கலங்களே.

உண்மையில் பார்க்க வேண்டியது, வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணி. 18 வோல்ட்டு, 4 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 72 வாட்-மணி உண்டு. வேலை செய்யும் கருவி 180 வாட் வீதம் இழுத்தால் அது 24 நிமிஷத்தில் தீரும். அதாவது சரியாய் ஒரு கடிகை. ஒரு கடிகைப் பொழுது தங்கினாலே பேறு கிட்டும் என்று பெரியோர் சொல்லும் தலத்தில் வசிப்பவர்களுக்கு இக்கணக்கு மறக்காது. கடிகைக்குமேல் வேலையுள்ளவர்கள் இரண்டாவது பாட்டரி வைத்துக்கொள்ள வேண்டும்.

லித்தியம் பாட்டரியை அடியோடு தீர்ந்தபின் ஏற்ற வேண்டுமென்பது பழைய நிக்கல் பாட்டரிக் காலத்து வழக்கம்; இதற்கு அது தீங்கே செய்யும். நெடுநாள் வைக்கும்போது பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைப்பது சிலாக்கியம். கத்திரி வெயிலில் இப்பக்கம் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டுவதால், வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் ஏற்றாமல், ஆறவிட்டு இரவிலாவது விடியற்காலத்திலாவது ஏற்ற வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைக்கலாகாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொரு கம்பெனியின் கருவியில் பொருந்தாது. ஆகவே முதற்கருவி வாங்கும்போதே, பின்னால் வேண்டிய கருவிகளும் அதே பாட்டரியில் ஓடுமா என்று விசாரிக்க வேண்டும்.

2. மாற்றுப் பாட்டரியும் உதிரிப் பாகமும் சோளிங்கரிலோ, அரக்கோணத்திலோ, வேலூரிலோ கிடைக்குமா என்று அறியாமல் வாங்கலாகாது. மலிவென்று வாங்கிய ரம்பம் பாட்டரி கிடைக்காமல் ஆணியில் தொங்குவதை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் காணலாம்.

3. ஸ்பிரேயர் வாங்குவோர், பாட்டரி நின்றால் கையாலும் அடிக்கக்கூடிய இருவகைக் கருவியைத் தேர்ந்தெடுப்பது நலம். மேலே சொன்ன விவசாயி இம்முறை வாங்கியது அதுவே.

4. வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியபோது, சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவிகிதமும் மற்றவர்களுக்கு 40 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது. எந்தக் கருவிக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, பிறகு பணம் கட்ட வேண்டும்.

5. உழைத்து ஓய்ந்த பாட்டரியைக் குப்பையில் எறிவதும், கிணற்றருகே புதைப்பதும், எரிப்பதும் கூடா. காரீயம் மண்ணையும் தண்ணீரையும் விஷமாக்கும். லித்தியம் பாட்டரி நசுங்கினால் தீப்பற்றும். 2022-ம் வருஷத்து மின்கலக் கழிவு விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. காரீயப் பாட்டரிக்குக் கடையில் விலையும் கிடைக்கும்.

6. கருவி புதிதென்பதால் மருந்தின் விஷம் குறைவதில்லை. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றுடன், காற்று வீசும் திசைக்கு எதிராய் நில்லாமல் தெளிக்க வேண்டும்.

ஆடிப்பட்டத்துக்கு நிலத்தை உழுமுன், பரணிலுள்ள ஸ்பிரேயரை ஒருநாள் இறக்கி, முழுச் சார்ஜ் ஏற்றி, வெறுந்தண்ணீர் ஊற்றி நாலு டாங்கி ஓட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. குறை இருந்தால் அப்பொழுதே தெரியும். பாட்டரி மாற்றவும் அவகாசம் இருக்கும். பூச்சி கண்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்பவருக்கு அவகாசம் இராது.