பின்திகதியிட்ட காசோலை

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உள. ஒன்று காசு; மற்றையது சொல் தவறாமை. காசோலைக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். வருங்காலத் திகதியை இட்டுக் காசோலை கொடுப்பவர், காசு பின்னர் வருமென்னும் எதிர்பார்ப்பின்மேற் சொல்லை முன்னரே கொடுத்துவிடுகின்றார். இடர்கள் யாவும் இவ்விடைவெளியிலேயே தோன்றுகின்றன.

வங்கியொன்றின்மேல் வரையப்பட்டு, கேட்டவுடன் செலுத்தப்படவேண்டிய மாற்றுண்டியலே காசோலை என இலங்கையின் 1927 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்க மாற்றுண்டியற் கட்டளைச் சட்டம் வரையறுத்தது. 1882 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி எழுந்தது இது. பின்திகதி இடப்பட்டமை ஒன்றினால் மட்டும் உண்டியல் செல்லாததாகாது என்பதும் அதன் விதியாகும். எனினும், குறித்த நாள் வருமுன் வரைந்தவரின் கணக்கிலிருந்து பணங்கொடுக்க வங்கிக்கு ஆணை இல்லை. அவ்வாறு கொடுப்பின் இழப்பு வங்கியையே சாரும். ஆதலின் நாள் வராத காசோலையை வங்கிகள் திருப்பிவிடுகின்றன.

வணிகரொருவர் மூன்று மாதத் தவணையிற் சரக்கு வாங்கி, தவணை முடியும் நாளை இட்டுக் காசோலை கொடுக்கின்றார் என்க. சரக்குப் பழுதெனப் பின்னர் கண்டால், பணங்கொடுத்தலை நிறுத்துமாறு அவர் வங்கிக்கு அறிவிக்கலாம். ஆயின் அதற்குள் அத்தாள் கைமாறி, குறையறியாது நன்னம்பிக்கையுடன் பெறுமதி கொடுத்துப் பெற்ற மூன்றாமவரிடஞ் சேர்ந்திருப்பின், சரக்கின் பழுதைக் காட்டி அவருக்குப் பணம் மறுத்தல் அரிது.

இது குடியியற் பொறுப்பு. குற்றவியற் பொறுப்பும் உண்டு. 1990 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவு, கணக்கிற் பணமில்லை அல்லது போதாது என அறிந்துகொண்டே காசோலை வரைதலைத் தண்டனைக்குரியதாக்கியது. இங்கு வரைந்தவரின் அறிவே வழக்கின் உயிர்நிலை.

இந்தியச் சட்டம் இன்னுங் கடியது. 1881 ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988 இற் சேர்க்கப்பட்ட 138 ஆம் பிரிவு, 1989 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. காசோலை மறுக்கப்பட்டபின் எழுத்தறிவித்தல் கிடைத்து 15 நாள்களுக்குள் பணஞ் செலுத்தாதவர் அதன்படி குற்றவாளியாவார். மறுக்கப்படுமென்று கருத இடமிருக்கவில்லை எனக் கூறித் தப்புதற்கு 140 ஆம் பிரிவு வழிவிடவில்லை. பின்திகதியிட்ட காசோலை தான் தாங்கும் நாளிலேயே காசோலையாகின்றது என 1993 இல் இந்திய உயர் நீதிமன்றம் தீர்த்தமையால், அத்தகைய காசோலையும் இப்பிரிவுக்கு உட்பட்டது.

ஆகவே, காசோலை வரைவோர் வருமென எண்ணும் பணத்தை வந்த பணமாகக் கொள்ளலாகாது. திகதியையும் தொகையையும் அடிக்கட்டையிற் குறித்து வைத்தல் வேண்டும். தொகை எழுதாத தாளிற் கையொப்பமிடல் ஆகாது. கடனை வேறு வழியில் தீர்த்தவிடத்து, அப்பொழுதே காசோலையைத் திரும்பப் பெறுதல் வேண்டும். கடன் தீர்ந்தும் தாள் பிறர் கையில் இருக்குமாயின், வழக்கு இன்னும் தீரவில்லை என்றே கொள்ளத்தகும்.